அன்ரெனாவை ஓட்டுக்குக் கீழே கட்டு

தம்பி,

போன கிழமை உன் மனைவி வதனி பஸ் ஏறி உரும்பிராய்க்கு வந்தாள். மருதனார்மடம் சந்தைக்கு மரக்கறி வாங்க வந்தேன், அப்படியே உங்களையும் எட்டிப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று நினைத்தேன் என்றாள். பருத்தித்துறையிலிருந்து கத்தரிக்காய் வாங்க மருதனார்மடம் வருகிற பெண்ணை நான் இன்னும் காணவில்லை. ஆனாலும் ஒன்றும் கேட்காமல் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேன். அது குடித்து முடிந்த பிறகுதான் அழுதாள். நீ ரீவி வாங்கியிருக்கிறாயாம். மெட்ராஸ் படம் பிடிக்க வேண்டும் என்று பனை உயரத்துக்கு அன்ரெனா நடப்போகிறாயாம். அதை விழாமல் இழுத்துக் கட்டுகிற கம்பிகளில் ஒன்று வேலி தாண்டி அவளுடைய தம்பி குகனின் வீட்டு வளவுக்குள் போகிறதாம். அவன் மாட்டேன் என்றானாம். அதற்கு நீ கிணற்றடியில் நின்று, அவளும் அவளுடைய தாயும் கேட்கத்தக்கதாக, "கம்பியிலை கை வைச்சியெண்டால் அந்தக் கை இராது. நான் ஆரின்ரை பிள்ளையெண்டு உனக்குத் தெரியாது" என்று சொன்னாயாம்.

நீ என்னுடைய பிள்ளை. அதனால்தான் இதை எழுதுகிறேன். நேரில் வந்திருந்தால் பேச்சு முதலாவது வசனத்தைத் தாண்டியிராது, உன் கன்னத்தில் ஒன்று வைத்திருப்பேன். இருபத்தைந்து வயசுக்காரனை அடிக்கிற வயசு எனக்குப் போய்விட்டது என்று நினைக்காதே. வதனி சொல்லி முடித்ததும் உன் ஐயா விறாந்தையில் இருந்தபடி, ஆம்பிளைப் பிள்ளையென்றால் அப்படித்தான் கதைப்பான் என்று சொல்லிச் சிரித்தார். கையில் அகப்பை இருந்தது. அதாலேயே தோளில் ஒன்று போட்டேன். மருமகளுக்கு முன்னால் செய்திருக்கக்கூடாதுதான். ஆனால் அவருக்கு நோகவில்லை, எனக்கும் மனம் ஆறவில்லை. இந்தக் கடிதத்தை நீ ஒளித்து வைத்து வாசிக்க வேண்டாம். வதனி வாசிக்கட்டும், அவளுடைய தாய் வாசிக்கட்டும், முக்கியமாகக் குகன் வாசிக்கட்டும்.

நீ ஆரின்ரை பிள்ளை என்று ஊருக்குச் சொல்கிற அந்தக் கதை நடந்தபோது நீ கொழும்பில் வேலையாக இருந்தாய். ஐயா வேலிக்கு மேலால் கம்பியை வெட்டினார், மாமாவின் விரல்களும் கூடவே போய்விட்டன, மாமா பயந்து பொலிசில்கூடச் சொல்லவில்லை, இதுதானே உனக்குத் தெரிந்தது. நான் அங்கே நின்றவள். வெட்டினவர் என் புருஷன், வெட்டு வாங்கினவன் என் கூடப்பிறந்தவன். அந்தக் கதையைச் சொல்ல என்னைவிட உரிமை உள்ளவர் ஒருவரும் இல்லை. இனி நான் சொல்வதுதான் கதை.

இந்த வளவு முழுக்க ஒரு காலத்தில் என் தகப்பனாருடையது. ஐம்பத்தாறில் எனக்குக் கலியாணம் நடந்தபோது நடுவில் வேலி போட்டு மேற்குப் பாதியை எனக்குச் சீதனமாக எழுதினார், கிழக்குப் பாதியை என் தம்பிக்கு, உன் மாமாவுக்கு, வைத்தார். அவன் அப்போது காற்சட்டையோடு திரிகிற பள்ளிக்கூடப் பொடியன். மாப்பிள்ளை வாசல் படலையடிக்கு வந்ததும் பெண்ணின் தம்பி காலைக் கழுவிக் கூட்டிக்கொண்டு வருவதும், மாப்பிள்ளை அவன் விரலில் மோதிரம் போடுவதும் எங்கள் வழக்கம். அன்றைக்கு அவன் செம்பைச் சரித்துத் தன் வேட்டியையும் நனைத்து, உன் ஐயாவின் பட்டுக்கரையையும் நனைத்துவிட்டான். எல்லாரும் சிரித்தார்கள். ஐயா அவனைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டுதான் பந்தலுக்குள் வந்தார். பெருவிரலுக்குத்தான் அளவாக இருந்த அந்த மோதிரத்தை, பிறகு வளர்ந்து மோதிர விரலில் போட்டான். ஒரு நாளும் கழற்றியதில்லை. வேலியில் ஆள் போய்வரப் பொட்டு ஒன்று விட்டிருந்தோம். குழம்பும் குழந்தைகளும் அதனூடாகத்தான் போய்வந்தன.

எங்களுக்கு வெங்காயம் கைகொடுத்த வருஷம் ஐயா ரீவி வாங்கினார். இந்த ஒழுங்கையில் முதலாவது ரீவி எங்களுடையது. அப்போது இங்கே பிடிக்கக்கூடியது மெட்ராஸ் மட்டுந்தான், அதுவும் கடலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து வரவேண்டும். எவ்வளவு உயரமோ அவ்வளவு படம் என்று சொன்னார்கள். ஐயா இரும்புக் குழாய்களை ஒன்றன்மேல் ஒன்றாகப் பூட்டி உச்சியில் அன்ரெனாவை வைத்து நிமிர்த்தினார். நாலு பக்கமும் கம்பி இழுத்துக் கட்டவேண்டும். மூன்று எங்கள் வளவுக்குள் அடங்கின. நாலாவது வேலியைத் தாண்டி மாமாவின் பனையில் போய்க் கட்டுப்பட்டது. கேட்டுக் கட்டவில்லை. ஆனால் அவன் ஒன்றும் சொல்லவுமில்லை, ஏனென்றால் ஞாயிறு பின்னேரம் அவன் பிள்ளைகள்தான் எங்கள் வீட்டு முன்வரிசை.

பிறகு வேலியடைக்கிற காலம் வந்தது. அது எப்படிப்பட்ட காலம் என்று உனக்குச் சொல்லத் தேவையில்லை. பழைய ஓலையைப் பிரித்ததும் இத்தனை நாளும் மறைந்து கிடந்தது வெளியே தெரியும். உன் ஐயா வேலிக்கு நட்டிருந்த கட்டைகளில் உக்கிப்போன கதியால்களைப் பிடுங்கிவிட்டுப் புதிதாக நட்டார். நட்டபோது அன்ரெனாவின் அடிக்கு இடம் போதவில்லை என்று நாலு விரற்கடை தள்ளி நட்டார், தம்பியின் பக்கமாக. அவன் வந்து பார்த்துவிட்டு, கூலிக்கு நின்ற ஆட்களுக்கு முன்னால், "என்ன அத்தான், கதியாலுக்குக் கால் முளைச்சிட்டுதோ" என்று கேட்டான். அவன் பகிடியாகத்தான் கேட்டான். ஆட்கள் சிரித்தார்கள், ஐயா சிரிக்கவில்லை. அன்றோடு இரண்டு பேருக்கும் பேச்சில்லை. கதியாலைப் பின்னுக்கு வைக்காவிட்டால் கம்பியை அவிழ்ப்பேன் என்று அவன் என்னிடம் சொல்லி அனுப்பினான். நான் சொன்னேன். ஐயா காதில் விழாதவர்போலத் தோட்டத்துக்குப் போய்விட்டார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கூடத்தில் இருக்க இடமில்லை. படலையடி வரைக்கும் ஆட்கள். படத்தில் கதாநாயகனுக்கும் தமையனுக்கும் சண்டை வருகிற கட்டம். திடீரென்று படம் சரிந்து, கோடு கோடாகப் போய், வெள்ளைப் புள்ளியாகக் கொட்டியது. எல்லாரும் கத்தினார்கள். நானும் கத்தினேன். பின்னால் ஒருவன், மச்சான்காரன் அவிழ்த்துப்போட்டான், இனி எல்லாரும் வீட்டுக்குப் போகலாம் என்று சொல்ல, ஊர் முழுக்கச் சிரித்தது. அந்தச் சிரிப்புத்தான் மகனே, அவரை எழுப்பியது. நாலு விரற்கடை மண்ணுமில்லை, கம்பியுமில்லை. ஓலை வெட்டின கத்தி விறாந்தைச் சுவரில் சாத்தியிருந்தது. ஐயா அதை எடுத்துக்கொண்டு போனார். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பார்கள். அவருக்கு அன்று மட்டாகக்கூட இருக்கவில்லை.

நான் பின்னால் ஓடினேன். வேலி ஓலையில்லாமல் வெறும் கதியாலாக நின்றதால் எல்லாம் வெளிச்சமாகத் தெரிந்தது. தம்பி பனையடியில் முடிச்சை அவிழ்த்தபோது மேலே பாரம் சரிந்து கம்பி விறைத்துக்கொண்டது. அவனுடைய வலக்கை விரல்கள் கம்பிக்கும் மரத்துக்கும் நடுவில் அகப்பட்டுவிட்டன. அவன் எங்களைக் கண்டதும், "அத்தான், கை அம்பிட்டுப் போச்சு, உதிலை பிடியுங்கோ" என்றான். கோபத்தோடு சொல்லவில்லை. உதவிக்குக் கூப்பிட்டான். உன் ஐயா கதியாலுக்குள்ளால் பாய்ந்துபோய், "இனி அவிழ் பாப்பம்" என்று சொல்லி இறக்கினார். என் இரண்டு காதாலும் கேட்டேன். கம்பியைத்தான் வெட்டினேன் என்று இன்றைக்கும் சொல்கிறார். ஓலைக் கத்தியால் இரும்புக் கம்பியை வெட்டலாம் என்று நினைக்க அவர் குழந்தைப்பிள்ளையுமில்லை, கத்தி பிடிக்கத் தெரியாதவருமில்லை. கம்பிக்கு ஒன்றும் ஆகவில்லை. விரல்கள் போனதும் பிடி விட்டுக் கம்பி சுழன்று எழுந்து அவன் முகத்தையும் கிழித்துக்கொண்டு போனது.

அதற்குப் பிறகு நடந்ததை நீ ஒரு நாளும் சொன்னதில்லை, உனக்குத் தெரியாது. குழாய் முழுவதும் எங்கள் கூரையிலேயே விழுந்தது. ஓடு உடைந்து கூடத்துக்குள் இருந்தவர்களின் தலையில் கொட்டியது. பக்கத்து வீட்டு மனுஷியின் நெற்றி பிளந்து, மடியில் இருந்த பேரப்பிள்ளையின் முகமெல்லாம் இரத்தம். யாருடைய இரத்தம் என்று தெரியாமல் பிள்ளையின் தாய் மயங்கி விழுந்தாள். அவன் பெண்சாதி, உன் மாமி, அடுப்படியிலிருந்து உலக்கையோடு வந்து ஐயாவின் முதுகில் போட்டாள். அவர் திரும்பி அவளைத் தள்ளினதில் கிணற்றுக்கட்டில் போய் அடிபட்டாள். அவளுடைய தமையன்மார் வந்தார்கள். எங்கள் ஆட்கள் வந்தார்கள். அடிக்கக் கையில் ஒன்றும் இல்லாதவர்கள் கதியாலைப் பிடுங்கினார்கள். எந்தக் கதியாலுக்காகச் சண்டை வந்ததோ அதாலேயே ஆளையாள் அடித்து, பொழுதுபட எல்லை எது என்று காட்ட ஒரு கட்டைகூட நிலத்தில் மிஞ்சவில்லை. உள்ளே போய்ப் பார்த்தேன். அந்தப் பெட்டிக்கு மட்டும் ஒரு கீறலும் இல்லை. வெள்ளைப் புள்ளியாய் இரைந்துகொண்டிருந்தது.

மறுநாள் காலையில் பனையடியில் காகங்கள் கூடிக் கத்தின. கல்லெறிந்து கலைத்துவிட்டுப் போய்ப் பார்த்தேன். நடு விரலும் சுண்டு விரலும் கிடைக்கவில்லை. மற்றது கிடந்தது, மோதிரத்தோடு. கழுவித் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு பெரியாஸ்பத்திரிக்குப் போனேன். இனி ஒன்றும் செய்ய முடியாது என்று சொல்லிவிட்டார்கள். மாமி என் முகத்தைப் பார்க்கவில்லை. பொலிஸ்காரர் வந்து கட்டிலடியில் நின்று எழுத ஆயத்தமாக, உன் மாமா தானே வேலியடைக்கும்போது கைதவறி வெட்டிக்கொண்டேன் என்று சொன்னான். அவர்கள் போனதும் மாமி தலையிலடித்து அழுதாள், உனக்கு ரோசமில்லையா என்று கேட்டாள். அவன் கண்ணை மூடிக்கொண்டு, "அத்தானை உள்ளுக்கை போட்டால் அக்காவின்ரை வெங்காயத்துக்கு ஆர் தண்ணி மாறுறது" என்றான். இதைத்தான் நீ பயம் என்று சொல்லிக்கொண்டு திரிகிறாய். தானாடாவிட்டாலும் தன் தசை ஆடும் என்பதை நான் அந்தக் கட்டிலடியில்தான் கண்டேன்.

உன் கலியாணத்தையும் சொல்லிவிடுகிறேன். தாய்மாமன் என்று அவன் வந்தான். வலக்கையைச் சால்வைக்குள் வைத்துக்கொண்டு பந்தலில் பின்னுக்கு நின்றான். சடங்கு முடிந்து பந்தி நடக்கிற நேரம், நீ மாலையும் கழுத்துமாக உன் கூட்டாளிகளுக்கு இந்தக் கதையைச் சொன்னாய். கத்தி எப்படி இறங்கியது என்று கையால் காட்டினாய். அவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். உன் முதுகுக்குப் பின்னால் அவன் நின்றான். உன்னிடம் சொல்லிக்கொண்டு போகத்தான் வந்திருந்தான். நான் ஓடிப்போய்ச் சாப்பிட்டுவிட்டுப் போ என்று கையைப் பிடித்தேன். "பொடியன் பகிடிக்குச் சொல்லுறான், விடு அக்கா" என்று சொல்லிவிட்டுப் பஸ் எடுக்கப் போனான். கலியாண வீட்டில் கை நனைக்காமல் போனான். எனக்கு அன்றைக்கே உன்னைக் கொல்ல வேண்டும்போல இருந்தது. அன்று காலையில்தான் குகன் உன் காலைக் கழுவியிருந்தான். நீ மோதிரம் போட்ட விரலைத்தான் இப்போது இராது என்கிறாய். எங்கள் குடும்பத்தில் மோதிரம் போடுவது வெட்ட அடையாளம் வைக்கவா என்று வதனி என்னைக் கேட்டாள்.

சரி, அன்ரெனாவுக்கு வருகிறேன். உனக்கு ரீவி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, நானும் பார்க்கிறவள்தான். பெட்டிக்கு மேலே வைக்கிற இரட்டைக் கம்பியை வாங்கி ஏமாறாதே. உன் வீட்டுச் சுவர் தடித்த வெள்ளைக்கல். அதற்குள் அந்தக் கம்பி ஆவியைத்தான் காட்டும், ஓர் ஆள் பிடித்துக்கொண்டு நின்றால் தெரியும், விட்டால் போய்விடும். உள்ளேதான், ஆனால் உயரத்தில் வை. கூடத்துக் கூரைக்குள் ஓட்டுக்குக் கீழே தீராந்தி மரம் ஓடுகிறதல்லவா, அதில் கட்டு. குசினிப் பக்கம் வேண்டாம், அது தகரம், தகரத்துக்குக் கீழே ஒன்றும் வராது. நானும் முதலில் எங்கள் அடுப்படியில் கட்டித்தான் மினைக்கெட்டேன். கட்டும்போது கயிற்றால் கட்டு. கரண்ட் வயருக்குக் கிட்டக் கொண்டுபோகாதே. அன்ரெனாவின் கைகளைப் படுக்கையாக, வன்னியில் நிற்கிற ரீவிக் கோபுரத்தைப் பார்க்கத் தெற்கே திருப்பு. வதனி கீழே நின்று படத்தைப் பார்த்துச் சொல்லட்டும், நீ மேலே கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பு. ஒரு சாண் தள்ளினாலே படம் மாறும், அதனால் அவசரப்படாதே. மழைக்கு ஓடு நனைந்தால் கொஞ்சம் புள்ளி விழும். அணில் வயரைக் கடிக்கும், மாதம் ஒருக்கால் பார். கொழும்பு ரீவி தெளிவாக வரும், தமிழ்ச் செய்தியும் வரும். மெட்ராஸ் வராது. காற்றடங்கிப் புழுங்குகிற பின்னேரங்களில் உங்கள் கரையில் அதுவாகவே கடல் தாண்டி வந்தாலும் வரும். வந்தால் பார். வராவிட்டால் பெண்சாதியோடு கதை.

எங்கள் வீட்டில் கூரையைத் திருத்தின பிறகு நான்தான் சேலையைச் சொருகிக்கொண்டு ஏறிக் கட்டினேன். ஐயா ஏணியைப் பிடித்தார். அண்ணாந்து பார்க்கவில்லை. சண்டைக்குப் பிறகு வேலியைப் புதிதாகப் போட்டபோது அடைத்துவிட்ட பொட்டையும் நானேதான் திரும்ப வெட்டினேன். அவர் அதனூடாக இன்றுவரை போனதில்லை. வாயால் வீரம் பேசுவார், கால் போகாது. நீ அவருடைய வாயைப் பார்த்து வளர்ந்துவிட்டாய், காலையும் பார்.

வீதியில் ஆமி ட்ரக் சத்தம் கேட்டால் படலையைச் சாத்திவிட்டு மூச்சடக்கி இருக்கிற காலம் இது. வெளியிலிருந்து அடிக்க வருகிறவன் நாள் பார்த்து வருவதில்லை. அடையாளம் வைத்தாற்போல வானத்துக்கு ஒரு கம்பம் நிறுத்துவது ஒரு மடத்தனம். அதைவிடப் பெரிய மடத்தனம், அந்த நேரத்தில் வேலிக்கு மேலால் பிள்ளையைத் தா, இந்தப் பக்கம் ஓடி வா என்று கை நீட்டக்கூடிய ஒருவனுடைய கையை வெட்டுவேன் என்று சொல்வது. வதனி வந்ததற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. அதை அவளே உனக்குச் சொல்லட்டும். பிறக்கப்போகிறதுக்குத் தாய்மாமன் வேண்டும் என்பதை மட்டும் நான் சொல்லிவைக்கிறேன்.

இவ்வளவையும் வாசித்த பிறகும் உனக்குக் கம்பந்தான் வேண்டுமென்றால் நான் குறுக்கே நிற்கவில்லை. அன்றைக்கு விழுந்த குழாய்களை ஏற்ற நீ உழவு மெசின் அனுப்புகிறாய் என்று ஐயா சொன்னார். இங்கே அனுப்பாதே. நேற்று ஆள் பிடித்து எல்லாவற்றையும் பொட்டுக்குள்ளால் மாமாவின் வளவுக்குக் கொண்டுபோய்ப் போட்டுவிட்டேன். எதற்கு என்று மாமா கேட்டான், சொன்னேன். நீ குகனுக்குச் சொன்னதையும் ஒரு சொல் விடாமல் சொன்னேன். பொடியன் வந்து கேட்டால் கொடுப்பேன் அக்கா, எனக்கு இது எதற்கு என்றான். ஆகவே நீயே போ. அவனுடைய படலையால் போய், முற்றத்தில் நின்று, இன்ன காரியத்துக்கு வேண்டும் என்று கேள். நிச்சயம் தருவான், தூக்கி உன் தோளிலும் வைத்துவிடுவான். இடக்கையால் தருகிறான் என்று கோபிக்காதே.

அம்மா